அரசாங்க அறிக்கைகள் இருக்கும்போது ஒரு கான்சலின் நாட்குறிப்பு எதற்கு?

கேள்வி இதுதான்: "19ஆம் நூற்றாண்டில் வெளிநாடுகளில் பணியாற்றிய அமெரிக்க கான்சல்களின் சொந்தக் காகிதங்களை நூலகங்கள் பெட்டி பெட்டியாகப் பாதுகாக்கின்றன. அவர்கள் வாஷிங்டனுக்கு அனுப்பிய அறிக்கைகள்தான் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றனவே. அதற்குமேல் இந்தக் காகிதங்களில் என்ன இருந்துவிடப் போகிறது? ஒருவர் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்ததை எந்த அளவுக்கு நம்பலாம்?"

நல்ல கேள்வி. பொதுவாகப் பதில் சொன்னால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். அவர் பெயர் டவுன்சென்ட் ஹாரிஸ். ஜப்பானில் குடியிருந்து பணியாற்றிய முதல் அமெரிக்க கான்சல் ஜெனரல். 1856 ஆகஸ்டில் ஷிமோடா என்ற சிறிய துறைமுகத்தில் இறங்கினார். இரண்டு ஆண்டுகளுக்குள், பக்கத்தில் ஒரு போர்க்கப்பல்கூட இல்லாமல், ஜப்பானின் துறைமுகங்களை வணிகத்துக்குத் திறந்துவிடும் ஒப்பந்தத்தைப் பேசி முடித்தார். அவருடைய நாட்குறிப்பும் கடிதங்களும் இன்று நியூயார்க் சிட்டி காலேஜின் வசம் இருக்கின்றன.

அதற்கு முன்னால், கான்சல் என்றால் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாட்டின் தலைநகரில் அமர்ந்து அரசோடு அரசாகப் பேசுபவர் தூதர். கான்சல் துறைமுகத்து ஆள். தன் நாட்டுக் கப்பல்களின் காகிதங்களைச் சரிபார்ப்பது, சரக்குப் பட்டியலுக்குச் சான்றளிப்பது, கையில் காசில்லாமல் கரையில் விடப்பட்ட மாலுமிகளை ஊருக்கு அனுப்புவது, வெளிநாட்டில் இறந்தவர்களின் உடைமைகளைக் கணக்கெடுப்பது எல்லாம் அவர் வேலை. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பெரும்பாலான அமெரிக்க கான்சல்களுக்குச் சம்பளமே கிடையாது. வாங்கும் கட்டணம்தான் வருமானம், கூடவே சொந்த வியாபாரமும் செய்துகொள்வார்கள். 1850களின் நடுவில் வந்த சட்டங்கள்தான் முக்கியமான ஊர்களுக்குச் சம்பளத்தை நிர்ணயித்தன.

உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. அவர்கள் அதிகாரியும் வியாபாரியும் ஒன்றாகச் சேர்ந்த மனிதர்கள். அலுவலகப் பதிவேடு அலுவலகத்தில் தங்கிவிடும், அறிக்கை வாஷிங்டனுக்குப் போய்விடும். மற்றதெல்லாம் அவருடைய டிரங்குப் பெட்டியில் ஊருக்கு வந்து, பேரப்பிள்ளைகள் காலத்தில் ஒரு நூலகத்தைப் போய்ச் சேரும். மெக்சிகோவின் கீழ் இருந்த கலிஃபோர்னியாவில் கான்சலாக இருந்த தாமஸ் லார்கினின் காகிதங்கள் பெர்க்லியில் உள்ள பான்கிராஃப்ட் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் அரசு ரகசியமும் கடைக் கணக்கும் கலந்தே கிடக்கும். கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரில் 1837 முதல் கான்சலாக இருந்த ரிச்சர்ட் வாட்டர்ஸ் அடிமைமுறையை வெறுத்தவர், ஆழ்ந்த சமயப்பற்று உள்ளவர். அவரே அடிமைகள் உழைத்துக்கொடுத்த பொருளாதாரத்தில் வியாபாரம் செய்தார், சுங்கத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த கச்சு வணிகர் ஜெய்ராம் ஷிவ்ஜியோடு நெருங்கித் தொழில் நடத்தினார். இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் பார்க்க வேண்டுமானால் அவருடைய சொந்த எழுத்துக்குத்தான் போக வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் இங்கிலாந்தின் லிவர்பூலில் இருந்த தாமஸ் டட்லி இன்னொரு வகை. தெற்கு மாநிலங்களுக்காக அங்கே ரகசியமாகக் கட்டப்பட்ட கப்பல்களைத் துப்பறிவாளர்களை வைத்துக் கண்காணித்தவர் அவர். அவருடைய காகிதங்கள் கலிஃபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்தில் உள்ளன.

ஆனால் நான் ஹாரிஸுக்கே வருகிறேன். ஒரு மனிதர் தான் செய்யும் காரியத்தைப் பற்றி ஐயப்பட்டுக்கொண்டே அதைச் செய்து முடிப்பதை இவ்வளவு பக்கத்தில் இருந்து காட்டும் காகிதங்கள் நான் படித்தவற்றில் மிகக் குறைவு.

ஹாரிஸ் 1804இல் நியூயார்க் மாநிலத்தின் சாண்டி ஹில் என்ற சிற்றூரில் பிறந்தவர். நியூயார்க் நகரில் அண்ணனோடு சேர்ந்து பீங்கான் பாத்திரம் இறக்குமதி செய்து விற்றார். நகரக் கல்வி வாரியத்தின் தலைவராக இருந்தபோது, பணமில்லாத வீட்டுப் பையன்களும் உயர்கல்வி படிக்க வேண்டும் என்று போராடி 1847இல் 'ஃப்ரீ அகாடமி'யைக் கொண்டுவந்தார். இன்றைய சிட்டி காலேஜ் அதுதான். தன்னை உருவாக்கிய மனிதரின் காகிதங்களை அந்தக் கல்லூரியே காத்துவருவது எனக்குப் பிடித்த விஷயம்.

தாய் இறந்ததும் வியாபாரம் நொடித்ததும் அவரை ஊரைவிட்டுக் கிளப்பின. 1849 முதல் பசிபிக்கிலும் ஆசியத் துறைமுகங்களிலும் சரக்குக் கப்பலோடு அலைந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாட்குறிப்பில் ஓரிடத்தில் தன் கிறிஸ்துமஸ் நாட்கள் எங்கெங்கே கழிந்தன என்று வரிசையாக எழுதியிருக்கிறார்: நடுக்கடல், மணிலா, பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங், கல்கத்தா, இலங்கை. வேறு எந்த விளக்கமும் கிடையாது. ஊர்ப் பெயர்கள் மட்டும். எந்த அரசு அறிக்கையிலும் இப்படி ஒரு பட்டியலுக்கு இடம் இருக்காது. ஆனால் ஷிமோடாவின் தனிமையை அவர் ஏன் தாங்கினார் என்பதை இந்தப் பட்டியல் சொல்லிவிடுகிறது. பழகிப்போன தனிமை அது.

1855இல் ஜனாதிபதி பியர்ஸ் அவரை ஜப்பானுக்கு நியமித்தார். ஐரோப்பா, எகிப்து, இலங்கை வழியாகப் பினாங்கு வந்து, அங்கே சான் ஜசின்டோ என்ற போர்க்கப்பலில் ஏறி, வழியில் சயாம் (இன்றைய தாய்லாந்து) அரசோடு 1856 மே மாதம் ஓர் ஒப்பந்தம் முடித்துவிட்டு, ஆகஸ்ட் 21 அன்று ஷிமோடா போய்ச் சேர்ந்தார்.

ஜப்பானியர்கள் அவரை எதிர்பார்க்கவே இல்லை. 1854இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரி ஜப்பானோடு செய்த ஒப்பந்தத்தின் இரண்டு பிரதிகளும் இந்த விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. ஏதாவது ஓர் அரசு விரும்பினால் போதும், கான்சல் வரலாம் என்பது அமெரிக்கர் கையில் இருந்தது. இரண்டு அரசுகளும் விரும்பினால்தான் என்பது ஜப்பானியர் கையில் இருந்தது. போதாததற்கு 1854 டிசம்பரில் வந்த நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஷிமோடாவைத் துடைத்துப் போட்டிருந்தன. ஊர் இருக்கும் நிலையைப் பாருங்கள், இப்போது போய்விட்டு அப்புறம் வாருங்கள் என்று அதிகாரிகள் கேட்டுப் பார்த்தார்கள். ஹாரிஸ் அசையவில்லை. கடைசியில் ககிசாகி கிராமத்தில் இருந்த கியோகுசென்ஜி என்ற பௌத்தக் கோயிலை அவருக்கு ஒதுக்கினார்கள்.

1856 செப்டம்பர் 4. அன்றைய பதிவுதான் இந்த நாட்குறிப்பிலேயே அதிகம் பேசப்பட்டது. முந்தைய இரவு பரபரப்பாலும் கொசுக்கடியாலும் சரியாகத் தூங்கவில்லை என்று தொடங்குகிறார். கொசுக்கள் மிகப் பெரியவை என்றும் சேர்த்துக்கொள்கிறார். கப்பலில் இருந்து மாலுமிகள் வந்து கொடிக்கம்பம் நடுகிறார்கள். இந்தப் பேரரசு கண்ட முதல் கான்சல் கொடியை ஏற்றினேன் என்கிறார். அடுத்து, மனதில் இருண்ட எண்ணங்கள், மாற்றத்தின் அறிகுறி, முடிவின் தொடக்கம் இது என்பதில் ஐயமில்லை என்று துண்டு துண்டாக நான்கைந்து சொற்கள். கடைசியாக ஒரு கேள்வி: இது உண்மையிலேயே ஜப்பானின் நன்மைக்குத்தானா?

இதை எழுதியவர் வெளியிலிருந்து வேடிக்கை பார்த்த பயணி கிடையாது. அந்தக் கொடியை ஏற்றியவரே அவர்தான். "கொடி ஏற்றப்பட்டது, கான்சலகம் நிறுவப்பட்டது" என்பது வாஷிங்டனுக்குப் போகும் செய்தி. இது நல்லதா என்ற கேள்வியை அவர் அங்கே எழுத முடியாது. எழுதினால் அடுத்த கப்பலில் வேறு ஆளை அனுப்பிவிடுவார்கள். சொந்தக் காகிதம் எதற்கு என்று நீங்கள் கேட்டதற்கு நான் முதலில் காட்டுவது இந்த ஒரு பக்கத்தைத்தான்.

அன்று மாலையே சான் ஜசின்டோ புறப்பட்டுப் போய்விட்டது. ஆறு மாதத்தில் திரும்பி வருவதாகச் சொன்ன கப்பல்படைத் தலைவர் ஆர்ம்ஸ்ட்ராங் வரவில்லை. அடுத்த அமெரிக்கப் போர்க்கப்பல் போர்ட்ஸ்மவுத் ஷிமோடாவுக்கு வந்தது 1857 செப்டம்பர் 8 அன்று. ஓர் ஆண்டுக்கும் மேல் அவருக்குத் துணை ஹென்றி ஹியூஸ்கன் என்ற இளம் மொழிபெயர்ப்பாளரும், ஹாங்காங்கில் இருந்து கூட்டிவந்த சீனப் பணியாளர்களும்தான். ஜப்பானிய அதிகாரிகளுக்குத் தெரிந்த ஐரோப்பிய மொழி டச்சு. ஹியூஸ்கன் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். ஆக, ஹாரிஸ் சொல்வது ஆங்கிலத்தில் இருந்து டச்சுக்கும், டச்சில் இருந்து ஜப்பானியத்துக்கும் போய், பதில் அதே வழியில் திரும்பி வரும்.

அந்த ஓர் ஆண்டுப் பக்கங்களைப் படிப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். வெப்பநிலை, காற்றழுத்தமானி, பறவைகள், செடிகள், வயிற்றுக் கோளாறு, தோல் நோய், உடல் மெலிந்துபோவது என்று போகும். ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி எதுவும் கிடைக்காத ஊர். அவர் பசும்பால் கேட்டதையும், அது கன்றுக்கு உரியது, மனிதர் குடிப்பதில்லை என்று அதிகாரிகள் மறுத்ததையும் ஜப்பானியப் பதிவுகள் சொல்கின்றன. இன்று அந்தக் கோயிலில் பாலுக்கு ஒரு நினைவுக்கல்கூட இருக்கிறது. 1857 மே மாதம் அவர் எழுதியது மனதைப் பிசையும். கப்பல் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது, அமெரிக்காவைவிட்டுக் கிளம்பியதில் இருந்து வாஷிங்டனிடம் இருந்து ஒரு வரி வரவில்லை, என்னதான் ஆயிற்று என்று கேட்கிறார். ஓர் அரசாங்கம் தன் ஆளை உலகின் ஓரத்தில் இறக்கிவிட்டு மறந்தேபோனது. இதை வாஷிங்டன் கோப்பில் தேடினால் அந்த மாதங்களில் வெற்றிடம்தான் தெரியும். அந்த வெற்றிடத்துக்குள் ஒரு மனிதர் எப்படி இருந்தார் என்பது இங்கேதான் கிடைக்கிறது.

அடுத்தது பணம். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பலரும் தாண்டிப் போய்விடும் பகுதி இது. அன்று ஆசியத் துறைமுகங்களில் புழங்கியது மெக்சிகோவின் வெள்ளி டாலர். ஜப்பானில் புழங்கியது இச்சிபு என்ற சிறு வெள்ளிக் காசு. பெர்ரி காலத்தில் ஒரு டாலருக்கு ஒரு இச்சிபு என்று ஜப்பானியர் வைத்திருந்தார்கள். ஹாரிஸ் தராசில் நிறுத்துப் பார்த்தார். ஒரு டாலரின் எடைக்கு ஏறத்தாழ மூன்று இச்சிபு வந்தது. எடைக்கு எடை கொடுங்கள் என்று மாதக்கணக்கில் வாதாடி, 1857 ஜூன் 17 அன்று கையெழுத்தான ஷிமோடா உடன்படிக்கையில் அதை வாங்கிவிட்டார். 100 டாலர் எடைக்கு 311 இச்சிபு, அதில் மறுவார்ப்புச் செலவுக்கு நூற்றுக்கு ஆறு கழிவு. தன் செலவுக் கணக்கு இதனால் எவ்வளவு இறங்கியது என்பதையும் நாட்குறிப்பில் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார்.

அவர் பார்வையில் அது எளிய நியாயம். ஆனால் இச்சிபுவின் மதிப்பு அதில் இருந்த வெள்ளியின் எடையில் இல்லை, அரசு அதற்குக் கொடுத்த முகமதிப்பில் இருந்தது. ஜப்பானுக்குள் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையிலான விகிதம் ஏறக்குறைய ஒன்றுக்கு ஐந்து. வெளி உலகில் ஒன்றுக்குப் பதினைந்துக்கும் மேல். 1859இல் துறைமுகங்கள் திறந்ததும் வெளிநாட்டு வியாபாரிகள் டாலரை இச்சிபுவாக மாற்றி, இச்சிபுவைக் கொபான் தங்க நாணயமாக மாற்றி, அதைச் சீனாவுக்குக் கொண்டுபோய் வெள்ளிக்கு விற்றார்கள். ஒரே சுற்றில் பணம் ஏறக்குறைய மூன்று மடங்கு. தங்கம் வெளியே ஓடியது. 1860இல் ஜப்பானிய அரசு தங்க நாணயத்தைச் சிறிதாக்க வேண்டிவந்தது, விலைவாசி ஏறியது, சாதாரண மக்கள் திண்டாடினார்கள். ஒரு கோயில் அறையில் தராசை வைத்துக்கொண்டு ஒருவர் போட்ட கணக்கு ஒரு நாட்டின் சந்தையையே உலுக்கியது. அவருக்குத் தீய எண்ணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தன் கணக்கு சரி என்று முழு நம்பிக்கையோடு இருந்தார் என்பதை அவருடைய பக்கங்கள் காட்டுகின்றன. தீங்கு எப்படி நேர்மையான முகத்தோடும் வரும் என்பதற்கு வரலாற்றாசிரியர்களுக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

ஜனாதிபதியின் கடிதத்தை எடோவில் ஷோகனிடம் நேரில்தான் கொடுப்பேன் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். (எடோ என்பது இன்றைய டோக்கியோ. ஷோகன் என்பவர் பேரரசரின் பெயரில் அன்று ஜப்பானை உண்மையில் ஆண்ட படைத்தலைவர்.) அனுமதி கிடைத்ததும் 1857 நவம்பர் 23 அன்று பெரிய பரிவாரத்தோடு கிளம்பி, 30ஆம் தேதி எடோ போய்ச் சேர்ந்தார். வழியில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர் பக்தியுள்ள கிறிஸ்தவர், ஓய்வுநாளில் பயணம் செய்ய மாட்டார். பரிவாரம் முழுவதும் கவாசாகியில் ஒருநாள் தங்கியது.

அந்தச் சாலையில்தான் இரண்டாவது முறையாக ஐயம் வருகிறது. வழியெல்லாம் மக்கள் சுத்தமாக, நன்றாகச் சாப்பிட்டவர்களாக, மகிழ்ச்சியாகத் தெரிகிறார்கள், பெரிய பணக்காரரும் இல்லை, பஞ்சைப் பராரியும் இல்லை, ஒரு மக்களின் உண்மையான இன்பம் ஒருவேளை இதுதானோ என்று எழுதுகிறார். ஜப்பானை வெளியாரின் செல்வாக்குக்குத் திறந்துவிடுவது இவர்களுடைய நலத்தை வளர்க்குமா என்று சில நேரம் எனக்கு ஐயமாக இருக்கிறது என்றும் எழுதுகிறார். அன்றைய ஜப்பானில் வறுமையும் வரிச்சுமையும் உழவர் கிளர்ச்சிகளும் உண்டு. அவருக்குக் காட்டப்பட்டது கூட்டிப் பெருக்கி வைத்த சாலை. எனவே நாட்டின் நிலைக்கு இது முழுச் சான்று ஆகாது. ஆனால் அவர் மனநிலைக்கு இது சான்றுதான்.

டிசம்பர் 7 அன்று எடோ கோட்டை. பொன்வேலை செய்த கோட்டு, பொன்பட்டை வைத்த நீலக் கால்சட்டை, குஞ்சம் தொங்கும் தொப்பி, முத்துச்சிப்பிப் பிடி போட்ட வாள் என்று தன் உடையை விவரிக்கிறார். சுற்றிலும் பிரபுக்கள் தரையோடு தரையாகப் பணிந்து கிடக்கிறார்கள். இவர் நின்றபடி மூன்று முறை தலைவணங்குகிறார், பேசுகிறார். சற்று அமைதி. அப்புறம் ஷோகன் டோகுகவா இயேசடா இடது தோளுக்கு மேலாகத் தலையைப் பின்பக்கம் வெட்டி வெட்டி இழுக்கிறார், கூடவே வலது காலால் தரையை உதைக்கிறார். மூன்று நான்கு முறை இப்படி நடந்ததாம். பிறகு இனிமையான, உறுதியான குரலில் பதில் சொல்கிறார். ஹாரிஸ் இதற்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை, பார்த்ததை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். இயேசடா நோயாளி, அடுத்த ஆண்டு ஆகஸ்டிலேயே இறந்துபோனார். அவருடைய உடல்நிலையைப் பற்றிப் பேசும் வரலாற்றாசிரியர்கள் பலரும் இந்த ஒரு பத்திக்கு வந்தே தீர வேண்டும்.

ஐந்து நாள் கழித்து, மூத்த அமைச்சர் ஹோத்தா மசாயோஷியிடம் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பேசுகிறார். நீராவிக் கப்பல் உலகைச் சுருக்கிவிட்டது, இனி எந்த நாடும் தனித்திருக்க முடியாது என்கிறார். பிரிட்டன் பெரிய கப்பல்படையோடு வரும், சீனாவில் அபினியால் நடந்ததைப் பாருங்கள், படை இல்லாமல் தனியாக வந்திருக்கும் என்னோடு ஒப்பந்தம் செய்துகொண்டால் உங்கள் மானத்துக்கு இழுக்கு வராது என்கிறார். இரண்டு வாரத்துக்கு முன்னால் சாலையில் ஐயப்பட்ட அதே மனிதர்தான் இது. ஐயம் நாட்குறிப்போடு நின்றுவிட்டது. மேசைக்கு வந்தவர் தன் வேலையைத் திறமையாகச் செய்கிறார். ஒருவர் மனச்சாட்சியோடு இருக்கிறார் என்பதாலேயே அவர் செய்வது மாறிவிடாது என்பதை இந்த இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் காணலாம். ஹாரிஸின் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் இந்த இடத்தை மழுப்பக் கூடாது என்று நினைக்கிறேன்.

நம்பலாமா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நாட்குறிப்பு என்றால் கள்ளம் கபடம் இல்லாத மனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஷிமோடாவில் இறங்குவதற்கு இரண்டு நாள் முன்னால், 1856 ஆகஸ்ட் 19 அன்று, நாகரிக நாடொன்றில் இருந்து ஜப்பானில் வந்து தங்கப்போகும் முதல் அங்கீகரிக்கப்பட்ட ஆள் நான்தான் என்று எழுதியிருக்கிறார். இனி ஜப்பானைப் பற்றி எழுதப்படும் வரலாறுகளில் மதிப்போடு பேசப்படும்படி நான் நடந்துகொள்ள வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். அதாவது, பின்னால் நாம் எல்லாம் படிப்போம் என்ற நினைப்பு அவருக்குத் தொடக்கத்தில் இருந்தே இருந்தது. "நாகரிக நாடு" என்ற சொல்லில் அவர் காலத்தின் அகந்தையும் இருக்கிறது. ஜப்பானிய அதிகாரிகளைப் பொய்யர்கள் என்று திட்டும் இடங்கள் நிறைய. அவர்கள் உண்மையில் மேலிடத்து உத்தரவு வரும்வரை நாளைக் கடத்தியாக வேண்டிய நிலையில் இருந்தவர்கள், அது அவருக்குப் பல நேரம் தெரியவில்லை.

அவர் எழுதாமல் விட்டதையும் பார்க்க வேண்டும். ஷிமோடாவில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒகிச்சியுடையது. 1857இல் அதிகாரிகள் அந்த இளம்பெண்ணை ஹாரிஸிடம் பணிக்கு அனுப்பினார்கள், சில நாளில் அவள் திருப்பி அனுப்பப்பட்டாள், பின்னாளில் ஊராரின் ஏளனத்துக்கு ஆளாகித் தண்ணீரில் விழுந்து இறந்தாள். நாடகமும் திரைப்படமும் இதைக் காதல் கதையாக ஊதிப் பெருக்கிவிட்டன. அவள் அனுப்பப்பட்டதற்கு ஜப்பானியப் பதிவு இருக்கிறது. ஹாரிஸின் நாட்குறிப்பில் அவள் பெயரே இல்லை. இந்த மௌனத்தை வைத்துக்கொண்டு எதுவும் நடக்கவில்லை என்று வாதிடுபவர்களும் உண்டு, எல்லாம் நடந்தது என்பவர்களும் உண்டு. மௌனம் இரண்டுக்கும் சான்று ஆகாது. ஆனால் கொசுவின் அளவைக்கூட எழுதியவருக்கு அவளைப் பற்றி ஒரு வரி எழுதத் தோன்றவில்லை என்பதை நான் மறக்க மாட்டேன்.

இன்னொரு இடைவெளி இன்னும் பெரியது. கிடைத்திருக்கும் நாட்குறிப்பு 1858 ஜூன் 9 அன்று நின்றுவிடுகிறது. ஒப்பந்தம் கையெழுத்தானது ஜூலை 29 அன்று, பவ்ஹாட்டன் என்ற அமெரிக்கக் கப்பலில். ஹோத்தா கியோட்டோ போய்ப் பேரரசரின் ஒப்புதலைப் பெற முடியாமல் திரும்பியது, ஈ நவோசுகே ஷோகனின் தலைமை அமைச்சராக அதிகாரத்துக்கு வந்தது, சீனாவை வென்ற பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் அடுத்து இங்கே வரும் என்ற செய்தியை வைத்து ஹாரிஸ் அவசரப்படுத்தியது, ஜப்பான் சார்பில் இனோவே கியோனாவோவும் இவாசே தடனாரியும் கையெழுத்திட்டது என்று அத்தனையையும் வேறு இடங்களில் இருந்துதான் திரட்ட வேண்டும். வாழ்நாள் சாதனையின் நாள் அவருடைய சொந்தக் கையெழுத்தில் நமக்குக் கிடைக்கவில்லை. சொந்தக் காகிதங்களை நம்பி இறங்குபவர்கள் இதற்குத் தயாராக இருக்க வேண்டும். தேடிப்போகும் நாள் பெரும்பாலும் இருக்காது, எதிர்பாராத நாள் ஏதோ ஒன்று முழுதாகக் கிடைக்கும்.

அதனால்தான் ஒரே ஒருவரின் காகிதத்தோடு நிறுத்தக் கூடாது என்கிறேன். ஹியூஸ்கனும் பிரெஞ்சு மொழியில் ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தார். 1964இல் அது ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஒரே பயணத்தை, ஒரே கோட்டையை இரண்டு பேர் பார்த்த பதிவுகள் நம்மிடம் இருக்கின்றன. ஹியூஸ்கன் இளைஞர், எளிதில் உணர்ச்சிவசப்படுபவர். எடோவில் இருக்கும்போது, இந்த நாட்டில் சிரிக்கும் குழந்தைகளையும் நிறைவையும் கண்டேன், மேற்கத்தியர்கள் தங்கள் தீய பழக்கங்களைக் கொண்டுவந்து இதையெல்லாம் அழித்துவிடுவார்களே என்று எழுதுகிறார். ஒரே கூரையின் கீழ் இருந்த இருவருக்கும் ஒரே ஐயம் தனித்தனியாக வந்திருக்கிறது, அல்லது இரவுச் சாப்பாட்டின்போது இருவரும் இதைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். ஹியூஸ்கன் 1861 ஜனவரியில் எடோ தெருவில் வெட்டப்பட்டு இறந்தார். அப்போது மற்ற நாட்டுத் தூதர்கள் யோகோஹாமாவுக்கு விலகிப் போனார்கள், ஹாரிஸ் போகவில்லை. ஜப்பானிய அதிகாரிகள் எழுதிவைத்த உரையாடல் குறிப்புகளும் இருக்கின்றன. ஹோத்தாவிடம் ஹாரிஸ் பேசியதை இரண்டு பக்கத்துப் பதிவையும் வைத்துச் சரிபார்க்கலாம்.

காகிதங்கள் நம் கைக்கு எந்த வழியாக வந்தன என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஹாரிஸ் 1862இல் ஜப்பானைவிட்டுக் கிளம்பி, 1878இல் நியூயார்க்கில் இறந்தார். காகிதங்கள் உறவினரிடம் இருந்தன. 1895இல் வில்லியம் கிரிஃபிஸ் நாட்குறிப்பைச் சுருக்கி, தேர்ந்தெடுத்த பகுதிகளை மட்டும் வெளியிட்டார். முழுப் பிரதி மரியோ கொசென்சாவின் விரிவான அடிக்குறிப்புகளோடு வர 1930 ஆயிற்று. இடையில் இருந்த 35 ஆண்டுகளில் உலகம் படித்தது வேறொருவர் சலித்துக் கொடுத்த ஹாரிஸைத்தான். எந்தப் பதிப்பைப் படிக்கிறோம், எது விடுபட்டது என்று பார்க்காமல் மேற்கோள் காட்டினால் சலித்தவரின் கருத்தை ஹாரிஸின் கருத்தாகச் சொல்லிவிடுவோம்.

ஹாரிஸ் முடித்த 1858 ஒப்பந்தத்தின்படி, ஜப்பானில் குற்றம் செய்யும் அமெரிக்கரை ஜப்பானிய நீதிமன்றம் விசாரிக்க முடியாது. சுங்க வரியையும் ஜப்பான் தன் விருப்பப்படி மாற்ற முடியாது. இந்தத் தளைகளை அறுக்க ஜப்பானுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. முதுமையில் ஹாரிஸ் ஒரு கடிதத்தில், அமெரிக்கருக்கு அந்த நீதிமன்ற விலக்கு அளிக்கும் பிரிவு தன் மனச்சாட்சிக்கு எதிரானது என்று எழுதினார். நடந்து பல ஆண்டு கழித்துச் சொன்ன சொல் என்பதால் இதைத் தள்ளிவிடலாம் என்று சிலருக்குத் தோன்றும். செப்டம்பர் 4 பதிவும் எடோ சாலைப் பதிவும் இல்லாமல் இருந்தால் நானும் தள்ளியிருப்பேன். அவை அந்தந்த நாளிலேயே, யாரும் கேட்காமலே எழுதப்பட்டவை என்பதால்தான் முதுமைக் கடிதத்துக்கு எடை வருகிறது.

படித்துப் பார்க்க விரும்பினால் 1930 பதிப்பில் 1856 ஆகஸ்ட், செப்டம்பர் பக்கங்களில் தொடங்குங்கள். அப்புறம் நேராக 1857 நவம்பருக்குத் தாவி எடோ பயணத்தை முடியுங்கள். ஹியூஸ்கனின் அதே நாட்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஷிமோடாவின் நீண்ட மாதங்களைக் கடைசியில் படித்தால் போதும், அதற்குள் அந்த மனிதர் உங்களுக்குப் பழகியிருப்பார். அறிக்கைகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் வெளியுறவுத் துறைக் கோப்புகளில் இருக்கின்றன. ஏதாவது ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டு அறிக்கையையும் நாட்குறிப்பையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். அறிக்கையில் எது இல்லை என்பது நான் சொல்லாமலே தெரிந்துவிடும்.